1965 ஜி.டி.ஓ. என்று எழுதும் முன்: அமெரிக்கக் கார் ஏல நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஏல நிறுவனத்தாருக்கு வணக்கம்.

பழைய அமெரிக்கக் கார்களான போன்டியாக்குகளின் மேல் தீராத ஆசை எனக்கு. வாங்க நினைக்கும் நண்பர்களுக்காக உங்கள் விற்பனைப் பட்டியல்களை வரி விடாமல் படிப்பேன். போன்டியாக்கின் வேகக் காரான 1965 ஜி.டி.ஓ.வின் கன்வெர்டிபிள், அதாவது கூரையை மடக்கும் வகை, வரும்போதெல்லாம் அதன் கீழே நீங்கள் போடும் 'நம்பர் மேட்சிங்' (தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின் இன்னும் இருக்கிறது) என்ற அடைமொழியைப் பற்றித்தான் இந்த மடல்.

எந்த நம்பர், எதோடு பொருந்துகிறது? 1965-இல் ஜி.டி.ஓ. தனி மாடலே அல்ல. லெமான்ஸ் என்ற போன்டியாக் மாடலை வாங்குபவர் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொண்ட ஆப்ஷன் அது. அதனால் 23767 என்று தொடங்கும் கார் எண் 'லெமான்ஸ் கன்வெர்டிபிள்' என்பதற்கு மேல் எதையும் சொல்லாது. ஜி.டி.ஓ.வுக்கென்று 242 என்ற எண் வந்தது 1966-இல்தான். 1965-இல் தயாரான 75,352 ஜி.டி.ஓ.க்களில் கன்வெர்டிபிள் வெறும் 11,311. விலை எகிறுவதும் போலிகள் முளைப்பதும் அதனால்தான். பானெட், கிரில், எம்ப்ளம் எல்லாமே புதிதாகக் கடையில் கிடைக்கின்றன. லெமான்ஸில் மாட்டினால் தூரத்திலிருந்து யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

எஞ்சின் எண்ணும் தானாகச் சாட்சி சொல்லாது. அந்த வருட போன்டியாக் எஞ்சினில் கார் எண்ணை அடிக்கவில்லை. எஞ்சினுக்கென்று தனி வரிசை எண். அது எந்தக் காரில் ஏறியது என்பது தொழிற்சாலையின் பில்லிங் பதிவில்தான் இருக்கிறது. அந்தப் பதிவின் நகலை பி.எச்.எஸ். (போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ்) என்ற நிறுவனம் பணம் வாங்கிக்கொண்டு தருகிறது. அது இல்லாமல் 'மேட்சிங்' என்று எப்படி எழுதுகிறீர்கள்?

ஒரு நண்பர் வாங்கப் பார்த்த காரைச் சொல்கிறேன். மூன்று கார்புரேட்டர், நான்கு கியர், பளபளக்கும் சிவப்பு. எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் துணியால் துடைத்தால் ஒய்.எஸ். என்ற குறியீடு. அது ஒற்றை கார்புரேட்டரும் ஆட்டோமேட்டிக் கியரும் கொண்ட வண்டியின் எஞ்சின். மூன்று கார்புரேட்டர், மேனுவல் கியர் என்றால் டபிள்யூ.எஸ். இருக்க வேண்டும். பிளாக்கை வார்த்த தேதி இ105: இ ஐந்தாம் மாதம், 10 தேதி, 5 வருடம், அதாவது 1965 மே 10. காரின் உடலைக் கட்டிய வாரத்தைச் சொல்லும் பாடித் தகட்டிலோ 03பி, மார்ச் இரண்டாம் வாரம். மார்ச்சில் கட்டிய காரில் மே மாதத்து எஞ்சின் எப்படி வரும்? அந்தக் காரையும் 'நம்பர் மேட்சிங்' என்றுதான் விற்க வைத்திருந்தார்கள்.

லெமான்ஸை ஜி.டி.ஓ. போல அலங்கரிப்பதை நான் குறை சொல்லவில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால் ரசித்து ஓட்டப் பலர் இருக்கிறார்கள். மறைத்து விற்பதுதான் மோசடி.

அப்புறம், கன்வெர்டிபிளுக்கே உரிய ஒரு சங்கதி. உடலைத் தாங்கிப் பிடிக்க நிலையான கூரை இல்லாத வண்டி என்பதால் இதன் சேஸிஸ் சட்டத்தை நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் செய்தார்கள். உள்ளே தேங்கும் தண்ணீரும் சேறும் வெளியே தெரியாமல் அரித்துவிடும். மேலே பட்டி பூசி பெயின்ட் அடித்த வண்டியில் இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, லிஃப்டில் ஏற்றி சட்டத்தை நெடுகத் தட்டிப் பார்ப்பது. கதவு மூடியிருக்கும்போது மேலே இடைவெளி குறுகி, கீழே அகன்றிருந்தால் நடு உடல் தொய்ந்திருக்கிறதோ என்று சந்தேகிக்கலாம். நீங்கள் போடும் படங்களிலோ சூரிய அஸ்தமனப் பின்னணியில் முன்பக்கம் மட்டுமே அழகாகத் தெரிகிறது.

அடுத்த பட்டியலிலிருந்தே இதைச் செய்யுங்கள்: 1964, 1965 ஜி.டி.ஓ. எதுவாக இருந்தாலும் பி.எச்.எஸ். நகல், பிளாக் குறியீடு, எஞ்சின் எண், வார்ப்புத் தேதி, பாடித் தகடு, லிஃப்டில் எடுத்த அடிப்பாகப் படங்கள் எல்லாவற்றையும் ஏலத்துக்கு முன்பே வெளியிடுங்கள். நகல் கொடுக்காத விற்பனையாளரின் காரை 'லெமான்ஸ்' என்றே பட்டியலிடுங்கள். நீங்கள் எழுதியது பொய் என்று பின்னால் அந்த நகலே காட்டினால், வாங்கியவரின் பணத்தை உங்கள் கமிஷனோடு சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு போன்டியாக் ரசிகன்