கருமுட்டை கொடுக்கிற பெண்ணின் கையிலும் ஒரு சீட்டு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கருத்தரிப்பு சிகிச்சையில் முட்டையைப் பெற்றுக்கொள்ளும் பெண்ணிடம் தடிமனாக ஒரு ஃபைல் இருக்கிறது. அதைக் கொடுக்கிற பெண்ணிடம் பல நேரம் ஒரு துண்டுச்சீட்டுகூட இருப்பதில்லை. இது மாற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வுபெற்ற நர்ஸ், இருப்பது சேலம் அம்மாபேட்டையில். எங்கள் தெருவில் தறி ஓட்டும் பெண் ஒருத்தி போன வருடம் ஒரு தனியார் மையத்தில் கருமுட்டை கொடுத்துவிட்டு வந்தாள். சில நாளிலேயே வயிறு உப்பி, பாவாடை நாடா எட்டவில்லை. வாயுத் தொல்லை என்று நினைத்து ஓமத்திரவம் குடித்துக்கொண்டு தறியிலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றுக்குப் போவதே குறைந்துவிட்டது அக்கா என்று அவள் சொன்னதும் எனக்குத் திக்கென்றது, உடனே ஆட்டோ பிடித்து ஜி.ஹெச்சுக்குக் கூட்டிப்போனோம். அங்கே டாக்டர் முதலில் கேட்டதே என்னென்ன ஊசி, எவ்வளவு டோஸ், கடைசியாகப் போட்டது எது என்றுதான். "தொப்புள் பக்கத்துல தினமும் போட்டாங்க சார்." அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்லவேளை, தேறிவிட்டாள்.

இந்த ஊசிகளைப் பார்த்துப் பயப்படச் சொல்லவில்லை. மாதாமாதம் சினைப்பையில் முட்டைப்பைகள், அதாவது முட்டை வளரும் சின்ன நீர்ப்பைகள், பல வளரத் தொடங்கி, ஒன்று மட்டும் முழுதாக முதிர்ந்து, மற்றவை தானாக அழிந்துவிடும். மாதவிலக்கான இரண்டாம், மூன்றாம் நாளில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாள் போடும் எஃப்.எஸ்.ஹெச். என்ற ஹார்மோன் ஊசி, அப்படி அழியப்போகிறவற்றையும் சேர்த்து வளர்க்கிறது. அதனால் பின்னால் வரும் மாதங்களின் முட்டை தீர்ந்துபோகாது. நடுவில் முட்டைப்பை தானாக வெடித்து முட்டை வெளியேறிவிடாமல் இருக்க செட்ரோரெலிக்ஸ் மாதிரி இன்னொரு ஊசி, கடைசியாக முட்டையை முதிர வைக்கும் ட்ரிகர் ஊசி, அது போட்டுச் சுமார் 36 மணி நேரத்தில் மயக்கம் கொடுத்து ஸ்கேன் பார்த்தபடி முட்டையை எடுப்பார்கள். இந்த முறையில் ட்ரிகருக்கு ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனுக்குப் பதிலாக லியூப்ரோலைடு, டிரிப்டோரெலின் போன்றவற்றைப் போட்டால், சினைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோர்க்கும் ஆபத்து வெகுவாகக் குறைகிறது. அப்படிப் போட்டால் கரு தங்குவது குறையலாம் என்ற தயக்கம் உண்டு, ஆனால் கர்ப்பம் சுமக்கப்போவது வேறொரு பெண் என்பதால், கொடுப்பவருக்கு அதைப் போடத் தடையும் இல்லை. அப்புறம் எதற்கு ஹெச்.சி.ஜி. போட வேண்டும் என்பதே என் கேள்வி.

கருத்தரிப்பு சிகிச்சை முறைகளுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் கொடுக்கலாம், 7 முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது, சிகிச்சை பெறும் தம்பதி அவருக்கு 12 மாத இன்சூரன்ஸ் எடுத்துத் தர வேண்டும். எத்தனை முட்டை வளரும் என்று முன்கூட்டித் துல்லியமாகச் சொல்ல முடியாது என்று டாக்டர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் 7 போதும் என்று சட்டமே சொன்ன பிறகு டோஸைக் குறைத்துத் தொடங்குவது அவர்கள் கையில்தானே இருக்கிறது? 2022-இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியை வயதை மாற்றிய ஆதாரோடு மையம் மையமாகக் கூட்டிப்போய்க் கருமுட்டை எடுக்க வைத்த கொடுமை வெளியே வந்து, விசாரணை சேலம் வரை நீண்டது. அதன் பிறகும் கொடுப்பவரை ஒரு நோயாளியாகப் பார்த்து எழுதித் தரும் பழக்கம் வரவில்லை என்றால் எப்படி?

மாவட்ட சுகாதாரத் துறைக்கு நான் வைக்கும் கோரிக்கை சின்னதுதான். மருந்தின் பெயர், டோஸ், போட்ட தேதி, ட்ரிகர் எது, எடுத்த முட்டை எத்தனை, இன்சூரன்ஸ் எண், ராத்திரியிலும் எடுக்கிற ஒரு போன் நம்பர், இவ்வளவையும் தமிழில் எழுதிக் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்ணுக்கு நடு ராத்திரியில் வலி வந்தால், 20 கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் சேலம் வர வேண்டும், என்ன தொல்லை வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது என்பதாவது அவளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டாமா?

கொடுத்துவிட்டு வந்தவர்கள் அடுத்த மாதவிலக்கு வரும்வரை பளு தூக்காதீர்கள், பெருத்த சினைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பிக்கொண்டே போவது, ஓரிரு நாளில் எடை ஏறுவது, விடாத வாந்தி, சிறுநீர் குறைவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், கருமுட்டை கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
அம்மாபேட்டை, சேலம்