டால்பினைப் புதைக்கும் முன் ஒரு துண்டு நுரையீரல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கரை ஒதுங்கிய டால்பினைப் பற்றி உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை அடி நீளம், உடலில் எங்கெங்கே காயம், பார்க்க எவ்வளவு கூட்டம் என்று எல்லாம் இருந்தது. கடைசி வரி வழக்கமாக வருவதுதான்: உடற்கூறாய்வுக்குப் பின் கடற்கரையிலேயே குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. நான் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்றவன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் மனது கேட்பதில்லை. உடற்கூறாய்வில் என்ன தெரிந்தது? நுரையீரல் எப்படி இருந்தது? மூளையைத் திறந்து பார்த்தார்களா? ஆய்வகத்துக்கு மாதிரி ஏதாவது போனதா? இதற்கெல்லாம் பதில் அடுத்த வாரமும் வருவதில்லை, அடுத்த மாதமும் வருவதில்லை.

கப்பலில் அடிபட்டிருக்கலாம், வலையில் சிக்கியிருக்கலாம் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அடிபடுவதும் சிக்குவதும் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் மூளையில் வீக்கமும் நுரையீரலில் சளியுமாக, திசை தெரியாமல் மிதக்கும் விலங்கும் படகில் அடிபடும். காயத்தை மட்டும் பார்த்தால் நோய் தெரியாது.

எந்த நோயைச் சொல்கிறேன் என்றால், மார்பிலிவைரஸ். பெயர் புதிதாகத் தோன்றினாலும் குடும்பம் நமக்குப் பழக்கமானதுதான். குழந்தைகளுக்கு வரும் தட்டம்மை, மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய், இன்றும் கிராமங்களில் வந்துபோகும் ஆட்டுக்கொல்லி நோய், நாய்களின் டிஸ்டெம்பர் எல்லாம் இந்தக் குடும்பத்து வைரஸ்களால் வருபவை. வெக்கை நோய் 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டது. டால்பின், திமிங்கலங்களைத் தாக்கும் உறவுக்கார வைரஸ் மட்டும் கடலில் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆட்டுக்கொல்லியில் செத்த ஆடுகளை நிறைய அறுத்துப் பார்த்திருக்கிறேன். நல்ல நுரையீரல் விரலால் அழுத்தினால் பஞ்சு போல அமுங்கி எழும்பும். இதில் அங்கங்கே கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டிருக்கும்; வெட்டிய துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். நுண்ணோக்கியில் வைத்தால் பல செல்கள் ஒன்றோடொன்று கலந்து ஒரே பெரிய செல்லாகி, அதற்குள் உட்கருக்கள் கொத்தாக நிற்பது தெரியும். மார்பிலிவைரஸ் தாக்கிய டால்பின்களின் நுரையீரலிலும் நிணநீர் முடிச்சுகளிலும் இதே ராட்சச செல்களைத்தான் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

மூச்சு விடக் கூட்டமாக மேலே வரும் டால்பின்கள், ஒன்று வெளியே விடும் திவலையை மற்றொன்று இழுக்கும்போது தொற்றிக்கொள்கின்றன. நுரையீரலையும் மூளையையும் தாக்குவதோடு இந்த வைரஸ் நிற்பதில்லை, எதிர்ப்புச் சக்தியையும் சாய்த்துவிடுகிறது. தட்டம்மை வந்த குழந்தை அப்புறம் நிமோனியாவில் தவிப்பதைப் போல, தப்பிப் பிழைத்த டால்பினும் பூஞ்சையிலோ வேறு கிருமியிலோ செத்துப்போகும். சிலவற்றில் வைரஸ் மூளையில் மட்டும் தங்கி, வெகுநாள் கழித்துக் கொல்வதும் உண்டு.

அமெரிக்காவில் நடந்த ஒன்றை உங்கள் வாசகர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 1987 கோடையில் நியூஜெர்சி கரையில் டால்பின்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. மரணம் மெல்லத் தெற்கே நகர்ந்து, அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஃபுளோரிடா வரை போனது. 740-க்கும் மேற்பட்ட உடல்கள் கிடைத்தன. கழிவுநீர், ரசாயனம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1989-ல் வந்த அதிகாரபூர்வ அறிக்கை, கடற்பாசி நுண்ணுயிர்களின் நச்சு மீன்கள் வழியாக டால்பின்களுக்குள் போனதுதான் காரணம் என்றது. அத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். ஆனால் செத்த டால்பின்களின் திசுக்களை யாரோ ஒழுங்காகப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். தாமஸ் லிப்ஸ்காம்ப் என்ற நோய்க்குறியியல் வல்லுநரும் அவருடைய குழுவினரும் அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். பரிசோதித்த டால்பின்களில் பாதிக்கு மேல் மார்பிலிவைரஸ் இருந்தது. 1994-ல் அந்த முடிவு வெளியானது. திசுவை அன்றே மணலில் போட்டு மூடியிருந்தால் நச்சுதான் காரணம் என்பதே நிலைத்திருக்கும்.

அந்த மரணங்களின் தாக்கத்தில் அமெரிக்கா 1992-ல் கரை ஒதுங்கும் கடல் பாலூட்டிகளுக்கென்றே சட்டம் இயற்றியது. கடற்கரை நெடுக ஆட்கள், பயிற்சி, திசுச் சேமிப்பு எல்லாம் உருவாயின. அதன் பலன் 2013-ல் தெரிந்தது. அந்த ஆண்டு ஜூலையில் அதே கிழக்குக் கரையில் மீண்டும் டால்பின்கள் ஒதுங்கின. இந்த முறை சில வாரங்களுக்குள் காரணம் தெரிந்துவிட்டது. 2015 வரை நீடித்த அந்தக் கொள்ளைநோயில் 1,600-க்கும் மேற்பட்டவை செத்தன. கால் நூற்றாண்டு இடைவெளியில், முதல் நோயில் பிழைத்து எதிர்ப்புச் சக்தி பெற்றவை குறைந்து, நோயையே அறியாத தலைமுறை வளர்ந்திருந்தது. 1990-ல் ஸ்பெயின் கரையில் தொடங்கி மத்தியதரைக் கடல் முழுக்கப் பரவி ஆயிரக்கணக்கான வரி டால்பின்களைக் கொன்ற நோய், 2006-07-ல் திரும்பி வந்தபோதும் பெரும்பாலும் இளசுகளையே பிடித்தது. பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவுக்கு அருகில் 2017 கடைசியில் தொடங்கியது இன்னொரு கொள்ளைநோய். 200-க்கும் மேற்பட்ட கயானா டால்பின்கள் அதில் போயின.

ஹவாயில் நடந்ததைத்தான் நம் அதிகாரிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அங்கே 2018-ல் மாவி தீவில் ஒதுங்கியது ஒரே ஒரு ஃபிரேசர் டால்பின். ஹவாய் பல்கலைக்கழகக் குழு அதை முழுமையாக ஆராய்ந்தது. அதுவரை யாரும் அறியாத மார்பிலிவைரஸ் வகை ஒன்று அதில் கிடைத்தது. அந்தத் தீவுகளைச் சுற்றி இறக்கும் டால்பின், திமிங்கலங்களில் 5 சதவீதம்கூடக் கரைக்கு வருவதில்லை என்று அந்த ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்படியென்றால் கரைக்கு வருகிற ஒன்று எவ்வளவு பெரிய வாய்ப்பு!

இனி நம் கரைக்கு வருகிறேன். 1973 ஜனவரியில் தூத்துக்குடிக் கடற்கரையில், பெயரில் திமிங்கலம் என்றாலும் டால்பின் குடும்பத்தையே சேர்ந்த பைலட் திமிங்கலங்கள் 147 ஒதுங்கின. 2016 ஜனவரியில் மணப்பாடு, கல்லாமொழிப் பக்கம் 80-க்கும் மேற்பட்டவை ஒதுங்கி, 40-க்கும் மேற்பட்டவை இறந்தன. மீனவர்கள் அவற்றைப் படகில் கட்டி ஆழத்துக்கு இழுத்துவிட, பல திரும்பவும் கரைக்கே வந்தன. அவர்கள் பட்ட பாட்டை மறக்க முடியாது. இவை வைரஸால் வந்தவை என்று நான் சொல்லவில்லை. பைலட் திமிங்கலங்கள் ஒன்றை விட்டு ஒன்று பிரியாதவை; ஒன்று தடம் மாறினால் கூட்டமே பின்னால் வரும். வைரஸ் கொள்ளைநோய் வேறு விதமாகத் தெரியும்: இன்று இங்கே ஒன்று, நாலு நாள் கழித்து அடுத்த ஊரில் இரண்டு என்று மாதக்கணக்கில் கரை நெடுக ஒதுங்கும். தனித்தனிச் செய்தியாகப் படிக்கிற நமக்கு அது கொள்ளைநோய் என்றே தோன்றாது. பைலட் திமிங்கலங்களே இந்த வைரஸைச் சுமந்து சென்று மற்ற இனங்களுக்குக் கொடுக்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுவதையும் இங்கே சொல்ல வேண்டும்.

‘சரி, தெரிந்து என்ன செய்யப்போகிறோம், கடலில் போய் டால்பினுக்கு ஊசி போட முடியுமா?’ என்று நண்பர்களே கேட்கிறார்கள். டால்பினுக்குப் போட முடியாதுதான். ஆனால் அழிவின் விளிம்பில் இருக்கும் ஹவாய் மாங்க் சீல் என்ற கடல்நாய்களுக்கு இதே குடும்பத்து வைரஸுக்கு எதிராக 2016 முதல் தடுப்பூசி போடுகிறார்கள். மத்தியதரைக் கடலில் செத்த டால்பின்களின் உடலில் பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் மிக அதிகமாக இருந்தது. எதிர்ப்புச் சக்தியைக் கெடுக்கும் பொருள் அது. நோயை நிறுத்த முடியாவிட்டாலும் அதற்குத் துணைபோகும் கழிவை நிறுத்தலாம். காரணம் தெரியாமலே மீனவர் வலைமேல் பழிபோடுவதையும் நிறுத்தலாம். உயிரோடு ஒதுங்கும் விலங்கைக் கடலுக்குள் தள்ளும் முன் அது நோயுற்றதா என்று ஒரு மருத்துவர் பார்ப்பதும் அவசியம். நோயாளியைத் திரும்பக் கூட்டத்துக்குள் அனுப்புவது உதவி ஆகாது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கிற வேலை அல்ல. நம் வெயிலில் உடல் சில மணி நேரத்தில் ஊதிவிடும், அதனால் அன்றே திறக்க வேண்டும். நுரையீரல், மூளை, மண்ணீரல், நிணநீர் முடிச்சு ஆகியவற்றில் ஒரு தொகுதி, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில்; இன்னொரு தொகுதி ஐஸ் பெட்டியில். ஃபார்மலினில் போடும் துண்டு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் நடுப்பகுதி அழுகிப்போகும். பாட்டிலின் வாய் அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விறைத்துப்போன துண்டை வெளியே எடுக்க முடியாது. ஆட்டுக்கொல்லி நோய்க்கு, வைரஸின் மரபணுவைக் கண்டறியும் பிசிஆர் பரிசோதனை செய்யும் ஆய்வகங்கள் நம் மாநிலத்திலேயே உள்ளன. மார்பிலி குடும்பம் முழுவதற்கும் பொதுவான பரிசோதனை முறையும் இருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021 ஜனவரியில் கரை ஒதுங்கும் பெரிய கடல் உயிரினங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. ஆனால் கடற்கரை ஊர்களில் இருக்கும் கால்நடை மருத்துவர் கையில் ஃபார்மலின் பாட்டிலும் ஐஸ் பெட்டியும் இருந்தால்தானே ஏட்டில் உள்ளது நடக்கும்?

பொதுமக்களுக்கும் ஒன்று. டால்பின் மார்பிலிவைரஸ் மனிதருக்கு வந்ததாகப் பதிவு இல்லை. ஆனால் கடல் பாலூட்டிகளின் புருசெல்லா பாக்டீரியா மனிதருக்குத் தொற்றியதுண்டு. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2022-ல் ஃபுளோரிடாவில் ஒரு டால்பினைக் கொன்றது. பெரு, சிலி கரைகளில் ஆயிரக்கணக்கான கடற்சிங்கங்களையும் கொன்றது. ஆகவே வெறுங்கையால் தொட வேண்டாம். குழந்தைகளை மேலே ஏற்றிப் படம் எடுக்க வேண்டாம். தெரு நாய்களை அண்ட விட வேண்டாம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். டால்பின் ஒதுங்கிய செய்தியை எழுதும் நிருபர் ஒரு மாதம் கழித்து அதே அதிகாரியைக் கூப்பிட்டு, ஆய்வக முடிவு என்ன என்று கேட்கட்டும். வந்த பதிலை நாலு வரியாவது போடுங்கள். மாதிரி அனுப்பவில்லை என்பது பதிலாக இருந்தால் அதையும் போடுங்கள். கடலோர மாவட்டங்களில் இளம் மருத்துவர்களுக்கு மாதிரி எடுக்கப் பயிற்சி வைத்தால், சொந்தச் செலவில் வந்து கற்றுத்தர நான் தயார். என்னைப் போல ஓய்வுபெற்ற பலரும் வருவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
திருச்செந்தூர் வட்டம்,
தூத்துக்குடி மாவட்டம்.