ஒரு டாலர் வாடகைக்குப் போன பள்ளிக்கூடம்

என் அன்புத் தோழிக்கு,

உன் லெட்டர் வந்து பத்து நாளாச்சு. அன்னைக்கே பதில் எழுத உக்காந்தேன், ஆனா உன் சின்னவ வேலை பாக்குற, அமெரிக்காவுல உங்க ஊரு கத்தோலிக்கக் கோயில் நடத்துற பங்குப் பள்ளிக்கூடத்த இந்த வருஷத்தோட மூடப்போறாங்கன்னு நீ எழுதியிருந்தத படிச்சதும் கை ஓடல. எனக்கு முட்டி வலி கொஞ்சம் பரவால்ல, மாடிப்படி ஏற எறங்க மட்டும் தான் கஷ்டம், மத்தபடி நல்லா இருக்கேன். என் கதைய விடு, ஃபோன்ல பேசிக்கலாம்.

நீ அனுப்பின ஃபோட்டோல அந்த ஸ்கூலோட பழைய ஃபீஸ் நோட்டு இருக்குல்ல, அத எத்தன தடவ பெருசு பண்ணி பாத்தேன்னு எனக்கே தெரியாது. ஒரு புள்ள பேருக்கு நேரா பணம் போடுற எடத்துல விறகுன்னு எழுதியிருக்கு. கீழ இன்னொரு பேருக்கு நேரா பாதின்னு இருக்கு, பக்கத்துல ஒரு சின்ன கோடு. மீதி பாதி வந்துச்சா வரலையான்னு அந்த பக்கத்துல எங்கயும் இல்ல. பங்குச் சாமியார் எழுதினாரோ சிஸ்டர் எழுதினாங்களோ, கேட்டு கேட்டு புள்ளைய வெளிய அனுப்பலன்னு மட்டும் தெரியுது, ஏன்னா அடுத்த பக்கத்துலயும் அதே பேரு இருக்கு.

சின்னவ அழுதாளாமே, பங்குப் பள்ளிக்கூடம்னா காலத்துக்கும் நிக்கும்னு நெனச்சேன் பெரியம்மான்னு எனக்கும் மெசேஜ் போட்டிருந்தா. அவளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியாம தான் அமெரிக்காவுல இந்த பங்குப் பள்ளிக்கூடங்க எப்படி வந்துச்சுன்னு தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சேன். படிச்சதுல மினசோட்டாவுல ஃபாரிபோல்ட்னு ஒரு சின்ன ஊரு, அங்க நடந்தது ஒன்னு என் மனசுல அப்படியே ஒட்டிக்கிச்சு, அத உனக்கு சொல்லணும்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னாடி போகணும். 1810ல எலிசபெத் ஆன் சீட்டன்னு ஒரு அம்மா, புருஷன் செத்து அஞ்சு புள்ளைங்கள வெச்சிக்கிட்டு, மேரிலாண்டுல எமிட்ஸ்பர்க்ல பொம்பளப் புள்ளைங்களுக்கு காசு வாங்காம ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க, அங்கருந்து தான் நெறைய பேரு கதைய தொடங்குறாங்க. 1975ல அவங்களுக்கு புனிதர் பட்டம் குடுத்தாங்க. அப்புறம் அரசாங்க ஸ்கூலுங்க வந்துச்சு, ஆனா பேருக்கு தான் எல்லாருக்கும் பொது, வகுப்புல படிக்கிறது புராட்டஸ்டன்ட் பைபிள். எங்க புள்ளைங்க எங்க பைபிள படிக்கட்டும்னு கத்தோலிக்கர் கேட்டது ஃபிலடெல்பியாவுல பெரிய சண்டையாகி 1844ல ரெண்டு கத்தோலிக்கக் கோயில கொளுத்திட்டாங்க. அந்த பயத்துலயும் வலியிலயும் தான் நம்ம புள்ளைங்களுக்கு நம்ம பள்ளிக்கூடம்ங்கற எண்ணம் ஊறிப்போச்சு. 1884ல பால்டிமோர்ல ஆயருங்க, அதான் கத்தோலிக்க பிஷப்புங்க, எல்லாம் கூடி, எந்தப் பங்குல பள்ளிக்கூடம் இல்லையோ அங்க ரெண்டு வருஷத்துக்குள்ள கட்டணும், அக்கறையில்லாம விடுற பங்குச் சாமியார பதவியிலருந்து எடுக்கலாம்ங்கற அளவுக்கு சட்டம் போட்டாங்க.

சட்டம் போட்டாச்சு, காசு யாரு குடுப்பா? அரசாங்க ஸ்கூலுக்கு வரி கட்டணும், அதுக்கு மேல பங்குப் பள்ளிக்கூடத்துக்கும் குடுக்கணும், மில்லுல பண்ணையில வேலை பாக்குற ஜனங்க. உன் நோட்டுல இருக்குற விறகு அங்கருந்து வந்தது தான்.

ஃபாரிபோல்ட்ல அமலோற்பவ மாதா பங்கு. 1891 ஆகஸ்ட் மாசம், ஸ்கூல் தொறக்க நாள் நெருங்குது, பங்குச் சாமியார் ஜேம்ஸ் கான்ரி, அரசாங்க ஸ்கூலுங்கள நடத்துற ஊரு ஸ்கூல் போர்டுக்கு போறாரு. எங்க கட்டடத்த வருஷத்துக்கு ஒரு டாலர் வாடகைக்கு எடுத்துக்குங்க, டீச்சருங்க சம்பளத்த நீங்க குடுங்க, பரீட்சை வெச்சு தகுதி பாருங்க, உங்க சட்டதிட்டப்படி நடத்துங்க, எங்க சிஸ்டருங்களே பாடம் சொல்லிக் குடுக்கட்டும், பாடவேளையில மதம் பத்தி ஒரு வார்த்தை வராதுன்னு கேக்குறாரு. போர்டும் ஒத்துக்கிச்சு. அந்த ஊரு எப்பேர்ப்பட்ட ஊருன்னா எபிஸ்கோபல்னு கத்தோலிக்கம் இல்லாத இன்னொரு சபையோட பிஷப் விப்பிள் இருந்த ஊரு, அவங்களோட பெரிய கோயிலும் பேர்போன ஸ்கூலும் அங்க தான். அப்படிப்பட்ட எடத்துல போர்டு சரின்னு சொன்னது எனக்கு பெரிய விஷயமா படுது.

அந்த மொத நாள் காலைய நான் நெனச்சு நெனச்சு பாக்குறேன்டி. செவுத்துல இருந்த, இயேசு சிலுவையில தொங்குற பாடுபட்ட சுரூபத்த எறக்கியாச்சு, மாதா படத்தயும் எடுத்தாச்சு, பூசையும் ஜெபமும் மணி அடிக்கறதுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். ஒம்போது மணிலருந்து மூணே முக்கால் வரைக்கும் கணக்கு, எழுத்து, பூகோளம். மூணே முக்காலுக்கு அப்புறம் அதே பெஞ்சுல ஞானோபதேசம், அதான் மதப் பாடம். அதே சிஸ்டரு, அதே டொமினிக்கன் சபை கன்னியாஸ்திரி உடுப்பு, அதே புள்ளைங்க. சுரூபம் எறக்கின எடத்துல செவுத்துல ஒரு வெளிறின அடையாளம் இருந்திருக்கும்ல, அந்தப் புள்ளைங்க தலைய தூக்கி அதத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கும்னு எனக்கு தோணுது. ஆனா அந்த வருஷம் அவங்க அப்பன் ஆத்தா ஃபீஸ் நோட்டுல பாதின்னு எழுத வைக்க வேண்டியதில்ல. எனக்கு அது தான் பெருசா படுது.

அதே வருஷம் மினசோட்டாவுலயே ஸ்டில்வாட்டர்னு இன்னொரு ஊர்ல ஒரு பங்கும் இதே ஏற்பாட்டுக்கு வந்துச்சு. இது புதுசும் இல்ல, நியூயார்க் மாநிலத்துல பொக்கீப்சின்னு ஒரு ஊர்ல 1873லயே இதே மாதிரி ஒரு டாலர் வாடகைக்கு விட்டு இருபத்தஞ்சு வருஷம் கிட்ட அமைதியா நடந்துச்சு. ஆனா மினசோட்டாவுல அமைதியா விடல, ஏன்னா பின்னாடி இருந்தது செயின்ட் பால் பேராயர் ஜான் அயர்லாண்ட். அவரு 1890லயே டீச்சருங்க மாநாட்டுல அரசாங்க ஸ்கூல புகழ்ந்து, தனியா பங்குப் பள்ளிக்கூடம் வேண்டியிருக்கற நெலமை வராம இருந்திருந்தா நல்லாயிருக்கும்னு பேசி பாதி ஆயருங்க கோவத்த வாங்கி வெச்சிருந்தாரு. அதனால இந்த ரெண்டு குட்டிப் பள்ளிக்கூடமும் ஒரு பெரிய சண்டைக்கு நடுவுல மாட்டிக்கிச்சு. நம்ம வரிப்பணத்துல கன்னியாஸ்திரி உடுப்போட பாடம் எடுக்கறாங்களேன்னு புராட்டஸ்டன்ட்டுங்க ஒரு பக்கம், சுரூபத்த எறக்கிட்டு என்னய்யா கத்தோலிக்க ஸ்கூல்னு நம்மாளுங்க ஒரு பக்கம். ஜெர்மன் கத்தோலிக்கருக்கு இன்னும் கோவம், அது நியாயமும் கூட, ஏன்னா விஸ்கான்சின்ல 1889ல பென்னட் சட்டம்னு ஒன்னு வந்து எல்லா ஸ்கூல்லயும் எழுத்து, கணக்கு மாதிரி முக்கியப் பாடங்கள இங்கிலீஷ்ல தான் சொல்லிக் குடுக்கணும்னு சொல்ல, அவங்களும் லூத்தரன்னு புராட்டஸ்டன்ட் சபைக்காரங்களும் சேர்ந்து அடுத்த எலெக்ஷன்ல கவர்னரயே தோக்கடிச்சு 1891ல அத ரத்து பண்ண வெச்சிருந்தாங்க. தாய்மொழி போயிடும்ங்கற பயம் எப்படி இருக்கும்னு உனக்கும் எனக்கும் யாரும் சொல்லித் தரவேண்டியதில்ல.

சண்டை ரோம் வரைக்கும் போச்சு. 1892 ஏப்ரல்ல வந்த தீர்ப்பு, இத பொறுத்துக்கொள்ளலாம்ங்கற அளவுக்கு தான். ரெண்டு பக்கமும் நாங்க தான் ஜெயிச்சோம்னு சொல்லிக்கிட்டாங்க. ஆனா 1893 முடியறதுக்குள்ள ரெண்டு ஊர்லயும் ஏற்பாடு முடிஞ்சுபோச்சு. எனக்கு இத படிச்சப்போ அவ்வளவு வேதனையா இருந்துச்சு. கான்ரி சாமியார் கொள்கைச் சண்டைக்கு போகல, வர்ற குளிர்காலத்துக்கு ஸ்கூல எப்படி ஓட்டுறதுன்னு தான் போனாரு, அவரு செஞ்சது சரின்னு தான் நான் சொல்லுவேன். பெரியவங்க சண்டையில அந்தப் புள்ளைங்க பேச்சு காணாமப்போச்சு.

அப்புறம் 1922ல ஆரிகன் மாநிலத்துல எல்லாப் புள்ளைங்களும் அரசாங்க ஸ்கூலுக்குத்தான் போகணும்னு சட்டமே போட்டு, அத சிஸ்டருங்க சபை ஒன்னு கோர்ட்டுக்கு இழுத்து 1925ல சுப்ரீம் கோர்ட்டுல ஜெயிச்சாங்க. பிள்ளை வெறும் அரசாங்கத்தோட படைப்பு இல்ல, பெத்தவங்களுக்கு உரிமை இருக்குன்னு அந்தத் தீர்ப்பு. நடத்துற உரிமை கெடச்சிடுச்சு, நடத்துற காசு கெடைக்கல.

அந்தக் காச யாரு குடுத்தாங்கன்னு கேட்டா, நான் படிச்ச வரைக்கும் ஒரே பதில் தான், சிஸ்டருங்க. கைச்செலவுக்கு கூட பத்தாத ஒரு தொகைய வாங்கிக்கிட்டு, அதுவும் மடத்துக்கு போயிடும், அம்பது அறுபது புள்ளைங்கள ஒரே வகுப்புல வெச்சு பாடம் சொல்லி, சாயங்காலம் பாட்டு கத்துக் குடுத்து. கட்டடம் கட்டின சாமியார் பேரு கல்லுல இருக்கும், உள்ள முப்பது வருஷம் நின்னு பேசின அம்மா பேரு எங்க இருக்கு சொல்லு. 1965 வாக்குல அமெரிக்காவுல 1,80,000 சிஸ்டருங்க இருந்தாங்க, அப்போ கத்தோலிக்க ஸ்கூலுங்கள்ல 52 லட்சம் புள்ளைங்க. இப்போ சிஸ்டருங்க 40,000க்கும் கீழ, புள்ளைங்க 17 லட்சம் கிட்ட. டீச்சருங்கள்ல நூத்துக்கு 95க்கும் மேல நம்ம சின்னவ மாதிரி குடும்பத்துல இருக்கறவங்க தான், அவங்களுக்கு வீட்டு வாடகை இருக்கு, வயித்துக்கு வேணும், நியாயமான சம்பளம் குடுத்தே ஆகணும். அப்போ ஃபீஸ் ஏறுது, ஏறினா ஏழை வீட்டுப் புள்ளைங்க போயிடுது, புள்ளைங்க கொறஞ்சா மறுபடியும் ஃபீஸ் ஏறுது, சின்ன ஊர்ல அதுக்கு மேல தாங்காது. இத சின்னவ கிட்ட சொல்லு, அவ சரியா சொல்லிக் குடுக்காததுனால தான் மூடுதுன்னு அவ மனசுல ஏதோ இருக்கு, அப்படி இல்லவே இல்லன்னு நீ உக்கார வெச்சு சொல்லணும். நான் சொன்னா ஆறுதலுக்கு சொல்றேன்னு நெனச்சுக்குவா.

இன்னொன்னு, இது அவசரம். மூடுற ஸ்கூல்ல சாமான எல்லாம் வாரி வெளிய போடுவாங்க, அந்த நோட்டும் அதோட போயிடும். சாமியார் கிட்ட கேட்டு சின்னவள ஒவ்வொரு பக்கமா ஃபோட்டோ எடுக்கச் சொல்லு, எழுதினது தெரியிற மாதிரி வெளிச்சத்துல வெச்சு. முடிஞ்சா மறைமாவட்ட, அதான் ஆயரோட எல்லைக்குள்ள இருக்குற பங்குகளுக்கான ஆவணக் காப்பகத்துல ஒப்படைக்க சொல்லு. அலமாரியில வகுப்பு குரூப் ஃபோட்டோ ஏதாவது இருந்தா பின்னாடி திருப்பிப் பாக்கச் சொல்லு, சிஸ்டருங்க பேரு பென்சில்ல எழுதி வெச்சிருப்பாங்க. ஊர்ல எண்பது தொண்ணூறு வயசு ஆளுங்க இருப்பாங்க, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு அவங்க கிட்ட போய் எந்த சிஸ்டரு உங்களுக்கு மொத மொத எழுத கத்துக் குடுத்தாங்கன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கச் சொல்லு, மீதிய அவங்களே பேசிடுவாங்க.

அந்த விறகுன்னு எழுதின பக்கத்துல, ஓரத்துல என்னமோ சின்னதா எழுதியிருக்கு, ஃபோட்டோல பாதி வெட்டுப்பட்டுப் போச்சு. அந்தப் பக்கத்த மட்டும் மறுபடி எடுத்து அனுப்புடி, என்னன்னு தெரிஞ்சுக்கணும்.

உடம்ப பாத்துக்கோ, அந்தக் குளிர்ல சாக்ஸ் இல்லாம நடக்காத.

உன் தோழி