அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். 1980-க்கு முந்தைய பேஸ்பால் சாதனையாளர்களை மன்றத்தில் கௌரவிப்பதற்காகத் தேர்வு செய்யும் உங்கள் குழு 2024 டிசம்பரில் கூடியபோது, அதன் முன் வைக்கப்பட்ட எட்டுப் பெயர்களில் கல்லூரி பேஸ்பால் பயிற்சியாளர் ராட் டீடோவின் பெயர் இல்லை. அந்தக் குழு மீண்டும் கூடவிருப்பது 2027 டிசம்பரில். அப்போதாவது அவர் பெயரைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

அவரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1942 முதல் 1986 வரை தென் கலிபோர்னியா பல்கலைக்கழக அணியைப் பயிற்றுவித்து, 11 தேசியப் பட்டங்களை வென்று கொடுத்தவர். 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து பட்டங்கள். வேறெந்தக் கல்லூரியும் இன்றுவரை தொடர்ந்து மூன்றுகூட வென்றதில்லை. இத்தனைக்கும் அவர் பெற்ற சம்பளம் ஆண்டுக்கு ஒரே ஒரு டாலர். பிழைப்புக்குச் சரக்கு லாரி நிறுவனம் ஒன்றை நடத்திக்கொண்டு, மைதானத்துக்கு வந்து, மாணவர்களை "டைகர்" என்று அழைத்து, ஆட்டத்தின் நுணுக்கங்களை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். அவரிடம் ஆடிய பந்துவீச்சாளர்கள் டாம் சீவரை 1992-இலும் ராண்டி ஜான்சனை 2015-இலும் நீங்களே கௌரவித்தீர்கள். மாணவர்களின் நினைவுப் பலகைகள் தொங்கும் உங்கள் சுவரில் ஆசிரியருக்கு மட்டும் இடமில்லை.

1973-இல் ஓமஹா நகரில் நடந்த கல்லூரி தேசியத் தொடரின் அரையிறுதியை நினைத்துப் பாருங்கள். எதிரணியான மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் டேவ் வின்ஃபீல்ட் எட்டு இன்னிங்ஸில் 15 பேரைத் தன் பந்துவீச்சால் ஸ்ட்ரைக் அவுட் செய்து வெளியேற்றியிருந்தார். ஏழுக்குப் பூஜ்யம் என்று டீடோவின் அணி பின்தங்கியிருந்தது. எவரும் கைவிட்டிருக்கக்கூடிய அந்த ஆட்டத்தில், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் மட்டும் எட்டு ரன் எடுத்து அவருடைய பிள்ளைகள் வென்றார்கள். அன்று தோற்ற வின்ஃபீல்டுக்குப் பின்னாளில் உங்கள் மன்றத்தில் இடம் கிடைத்தது முற்றிலும் நியாயம். அன்று வென்ற அணியின் பயிற்சியாளர் இன்னும் வெளியே நிற்பதுதான் நியாயமில்லை.

தன் அணியில் கறுப்பின வீரர் ஒருவரை ஆடவைக்க 1959 வரை எடுத்துக்கொண்ட பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் டாம் யாக்கிக்கு 1980-இலேயே இடமளித்தீர்கள். தொழில்முறை பேஸ்பாலின் தலைமை நிர்வாகிகளான ஆணையர்களுக்கும் இடமளித்திருக்கிறீர்கள். ஆனால் கல்லூரிப் பயிற்சிக்காக ஒருவரைக்கூட இதுவரை ஏற்றதில்லை. டீடோ வாழ்ந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸில் 10 கல்லூரிக் கூடைப்பந்துப் பட்டங்கள் வென்ற பயிற்சியாளர் ஜான் வுடனைக் கூடைப்பந்துப் புகழ்மன்றம் பயிற்சியாளராக 1973-இலேயே ஏற்றுக்கொண்டது. அவர் அப்போது ஓய்வுகூடப் பெற்றிருக்கவில்லை. டீடோவோ 2006-இல் மறைந்தே போனார். பணம் படைத்தோருக்கு எளிதில் திறக்கும் கதவு, பணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தவருக்கு மட்டும் ஏன் இத்தனை ஆண்டுகள் மூடியிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

என் சொற்களில் கடுமை தென்பட்டால் பொறுத்தருள வேண்டுகிறேன். அவரைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது பதினாறு உறுப்பினர்களின் தீர்ப்பு, பன்னிரண்டு பேர் ஒப்ப வேண்டும் என்பதும் தெரியும். அவர்கள் முன் வைக்கப்படும் பட்டியலில் ராட் டீடோவின் பெயர் இடம்பெற வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதற்கு உங்கள் விதிகளில் திருத்தம் தேவையெனில், 2027-க்குள் அதைச் செய்துதருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கல்லூரி பேஸ்பாலை நேசிக்கும் ஒரு ரசிகன்