அருங்காட்சியக இயக்குநர்களுக்கு: எங்கள் வகுப்பின் மைக்கைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய இயக்குநர்களுக்கும் கல்விப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம். பள்ளிகளுக்காக நீங்கள் நடத்தும் இணையவழிச் சந்திப்புகள் எப்படிப் போகின்றன என்று உங்களுக்கே தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிபுணரோடு எங்கள் மாணவர்களைப் பேச விடுங்கள்.

சமீபத்தில் எட்டாம் வகுப்புக்குப் புதைபடிவங்கள் பற்றி ஒரு சந்திப்பு. யார் எந்தக் கேள்வியைக் கேட்பது என்று மாணவர்கள் முந்தின நாளே பிரித்துக்கொண்டார்கள். நிபுணர், சுருள் ஓடு கொண்ட பழங்காலக் கடலுயிரியான அம்மோனைட்டின் புதைபடிவம் ஒன்றை எடுத்துக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடித்தார். கல்லின் மேல் வளைந்து நெளிந்து ஓடும் கோடுகள் தெரிந்ததும் கடைசி பெஞ்சு முழுக்க எழுந்து முன்னால் வந்துவிட்டது. "அந்தக் கோடு ஓட்டுக்கு வெளியே இருந்ததா, உள்ளேயா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எழுதி வைத்த கேள்வி இல்லை, பார்த்ததும் பிறந்தது. ஓட்டின் உட்புறத்தை அறை அறையாகப் பிரிக்கும் தடுப்புகள் ஓட்டோடு சேரும் இடம்தான் அந்தக் கோடு. மேல் ஓடு போனால்தான் கண்ணுக்குத் தெரியும்.

எங்கள் மைக்கை உங்கள் பக்கத்திலிருந்து அணைத்து வைத்திருந்தீர்கள். கேள்வியை நான் தட்டச்சு செய்து அனுப்பினேன், யாரும் பார்க்கவில்லை. அம்மோனைட் மேசைக்குப் போனது, ஸ்லைடுகள் வந்தன, முடியும்வரை ஸ்லைடுகள்தான். அப்புறம் நன்றி சொல்லி, பதிவை அனுப்பி வைப்பதாகச் சொன்னார்கள்.

பதிலை நானே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கல்லைத் திருப்பிக் காட்ட என்னால் முடியாது. அதற்குத்தானே உங்களிடம் வந்தோம்? பதிவு செய்த காணொளி வேண்டுமென்றால் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது.

கேள்வி உரிய நேரத்தில் நிபுணரிடம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் துறைக்குப் புதிதல்ல. 1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் ஒரு சிறிய அருங்காட்சியகத்தைக் கவனித்துவந்த மார்ஜரி கோர்ட்னி-லாட்டிமர், மீன்பிடிப் படகில் வந்த விசித்திரமான மீன் ஒன்றைப் படமாக வரைந்து, மீனியல் அறிஞர் ஜே. எல். பி. ஸ்மித்துக்குக் கடிதத்தில் அனுப்பினார். டைனோசர்களோடு அழிந்துபோனதாக நம்பப்பட்ட சீலகாந்த் அது. விடுமுறைக் காலம் என்பதால் கடிதம் தாமதமானது. எலும்புக்கூட்டையும் செவுள்களையும் பத்திரப்படுத்தச் சொல்லி ஸ்மித்தின் பதில் வந்தபோது மீனின் உள்ளுறுப்புகள் ஏற்கெனவே குப்பைக்குப் போயிருந்தன. அன்று கடிதம் போய்ச் சேரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று குரல் நொடியில் போகிறது, நாம் அதை அணைத்து வைக்கிறோம்.

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் மட்டும் 14 கோடிக்கும் அதிகமான மாதிரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை கிடங்கு இழுப்பறைகளில்தான். நேரில் வருகிறவர்கள்கூடப் பார்க்க முடியாத ஒரு வண்டையும், அதன் ஊசியில் குத்தியிருக்கும், எங்கே எப்போது பிடித்தது என்று எழுதிய துணுக்குச் சீட்டையும் கேமரா வகுப்பறைக்குக் கொண்டுவந்துவிடும். இவ்வளவு வசதி இருந்தும் எங்களுக்குக் கிடைப்பது ஸ்லைடு. முப்பரிமாணச் சுற்றுலா, மெய்நிகர்க் கண்ணாடி என்று புதிது புதிதாக அறிவிக்கிறீர்கள். இணைப்பைத் திறந்த பள்ளிகளை எண்ணி ஆண்டறிக்கையில் போடுகிறீர்கள். எத்தனை கேள்விகளுக்குப் பதில் சொன்னோம் என்று ஏன் எண்ணுவதில்லை?

கோபம் கொஞ்சம் மேலே வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நிபுணர்களின் நேரம் எவ்வளவு அரிது என்பது எனக்கும் தெரியும். சந்திப்புகளைக் குறைத்தாலும் சரி, ஒரு நேரத்தில் ஒரு வகுப்பை மட்டும் சேருங்கள். பாதி நேரத்தைக் கேள்விகளுக்கு விடுங்கள். மாதிரி மேசை மேலேயே இருக்கட்டும், மாணவர்கள் கேட்டால் திருப்பிக் காட்டட்டும். மைக் திறந்திருக்கட்டும்.

அந்த மாணவியின் கேள்வியை உங்கள் கல்விப் பிரிவுக்கு மீண்டும் அனுப்பியிருக்கிறேன். அவளுக்கு நிபுணரே நேரலையில் பதில் சொல்ல ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அறிவியல் ஆசிரியை