கொம்பை அதன் இடத்தில் உட்கார வைத்தவர்களுக்கு

காரைக்குடியிலிருந்து ஒரு டி.டி.பி. (கணினி அச்சுக்கோப்பு) கடைக்காரனின் வணக்கம்.

இந்த மடலை யாருக்கு எழுதுவது என்று யோசிக்கும்போதே பட்டியல் நீண்டுவிட்டது. உங்களில் சிலரை நேரில் பார்த்திருக்கிறேன். சிலரைக் குரலாக மட்டும் தெரியும். பலருக்குக் காரைக்குடி என்று ஓர் ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. ஆனால் இந்தத் தை முகூர்த்தங்களுக்கு எங்கள் கடையில் தயாரான அழைப்பிதழ்கள் அத்தனையும் கட்டற்ற மென்பொருளில், அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் உரிமையுள்ள மென்பொருளில், செய்தவை. அது உங்களால் நடந்தது. 'அனைவருக்கும் நன்றி' என்று ஒரே வரியில் முடித்துக்கொள்ள மனம் வரவில்லை. யார் என்ன செய்தீர்கள் என்று சொல்லித்தான் நன்றி சொல்லவேண்டும்.

எங்கள் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், பில் புக், மொய் நோட்டு, இரங்கல் அட்டை, இவைதான் எங்கள் வேலை. நெடுநாளாக இவற்றையெல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் செய்துவந்தோம். அதன் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அதற்குப் பிறகு உலகம் எங்கேயோ போய்விட்டது, தமிழ்நாட்டு டி.டி.பி. கடைகள் பலவும் அங்கேயே நின்றன. காரணம் எளிது. எங்களிடம் இருந்த தமிழ் எழுத்துருக்கள் எல்லாம் பழைய முறையில் செய்தவை. ஒருங்குறி (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் யுனிகோட்) வருவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி வைத்த ஏற்பாடு அது. மென்பொருளை மாற்றினால் பழைய கோப்புகள் அத்தனையும் போச்சு.

அப்புறம் இரண்டு அடி சேர்ந்து விழுந்தது. எழுத்துரு மென்பொருளோடு விலைக்கு வாங்கிய டாங்கிள் (கணினியில் செருகினால்தான் மென்பொருள் ஓடும் சாவி) செத்துப்போனது. விற்ற நிறுவனத்தின் தொலைபேசியை எடுக்க ஆளில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் இன்டெல் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். எங்கள் கணினிகள் நான்காம் தலைமுறை. நன்றாக ஓடுகிற பெட்டிகளைப் பழைய இரும்புக்குப் போட எந்தக் கடைக்காரனுக்கு மனசு வரும்?

முதல் நன்றி கணியம் இணைய இதழுக்கு. 2012-இல் தொடங்கியதிலிருந்து கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்தியையும் பாடத்தையும் தமிழில் கொடுத்துவருகிறார்கள். யாரும் நகலெடுக்கலாம், பகிரலாம் என்ற உரிமத்தோடு கொடுக்கிறார்கள். ஆங்கிலத்தில் பாடம் ஆயிரம் கிடைக்கும், எனக்கும் ஓரளவு ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவும்போது, வட்டைப் பிரிக்கிற திரை வந்து, தவறினால் உள்ளே இருக்கிறதெல்லாம் அழிந்துவிடும் என்ற இடத்தில், 'ஓரளவு' போதாது. அந்த நேரத்தில் தமிழில் ஒருவர், அடுத்து இந்தத் திரை வரும், இதைத் தொடாதே, இதைத் தேர்ந்தெடு என்று எழுதி வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது அங்கே உட்கார்ந்து வியர்த்தவர்களுக்குத் தெரியும். கலைச்சொல் கச்சிதமாக இருக்கவேண்டும் என்று சண்டை போடுகிற பண்டிதர்கள் கோபித்துக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை பாடம் எழுதுகிறவரின் முதல் கடமை வாசிக்கிறவனின் பயத்தைப் போக்குவது. அதை நீங்கள் செய்தீர்கள்.

செய்தி எழுதுகிறவர்களுக்கும் தனியாக நன்றி சொல்லவேண்டும். நாங்கள் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டுக்கு மாறுகிறோம் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர் ஒருவர், 'லினக்ஸுக்குள் பின்கதவு வைத்துவிட்டார்களாம், ஜாக்கிரதை' என்று ஒரு பழைய வாட்ஸ்அப் செய்தியை அனுப்பினார். அது 2024 மார்ச் 29-இல் வெளியே தெரிந்த எக்ஸ்.இசட். விவகாரம். அது என்னவென்று தமிழில் நிதானமாக விளக்கி எழுதியிருந்ததால்தான் எனக்கே புரிந்தது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் வேலை செய்யும் நிரலாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியிருக்கிறார். கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்.இசட். என்ற சின்ன நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளுக்குள் பின்கதவு, அதாவது வெளியாள் ரகசியமாக நுழையும் வழி, இருந்திருக்கிறது. பெரும்பாலான கணினிகளுக்கு அந்தப் பதிப்புகள் போய்ச் சேர்வதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது. இதை அந்த வாடிக்கையாளரிடம் சொன்னபோது, 'அரை விநாடியையா கவனிச்சார்?' என்று கேட்டுவிட்டுத் தன் மகள் நிச்சயதார்த்த வேலையை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த விவகாரத்தில் என் மனதில் தங்கியது வேறு. அந்த நிரலை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டவர் சம்பளமில்லாத தனி ஆள். களைத்துப்போயிருந்த அவரிடம் உதவுகிறேன் என்று வந்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு பெயர்தான் வேலையைக் காட்டியது. வேலை செய்கிறவர்கள் களைத்துப் போவதற்குள் நன்றியைச் சொல்லிவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதை வாசித்தபோதுதான்.

சரி, தலைப்பில் உள்ள கொம்புக்கு வருகிறேன்.

தட்டச்சுப் பொறியில் 'கெ' அடிக்கவேண்டுமென்றால் முதலில் கொம்பு, அப்புறம் 'க'. கையால் எழுதுவதும் அப்படித்தான். ஒருங்குறியில் கணினி சேமித்து வைப்பது தலைகீழ்: முதலில் 'க', பிறகுதான் கொம்பு. திரையில் காட்டும்போது யாராவது அந்தக் கொம்பைத் தூக்கி முன்னால் வைக்கவேண்டும். 'கொ' என்றால் இன்னும் வேலை: ஒரே குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்கவேண்டும். அந்த வேலை தெரியாத மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'கோயில்' கோணிக்கொள்ளும். பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸ் வெகுகாலம் அப்படித்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு பத்திரிகை அடித்தால் சம்பந்தி வீட்டார் சும்மா விடுவார்களா?

இந்தக் கொம்பைத் தூக்கி வைக்கிற நிரலின் பெயர் ஹார்ஃப்பஸ். ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் பல ஆண்டுகளாக அதை வளர்த்துவருகிறார். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரெ ஆபீஸ் எல்லாவற்றிலும் எழுத்தை உருவாக்கித் தருவது அதுதான். உங்கள் கைபேசியில் இந்த மடலை வாசிக்கிறீர்கள் என்றால், இதிலுள்ள ஒவ்வொரு கொம்பையும் அநேகமாக அதுதான் உரிய இடத்தில் வைத்திருக்கும். அதை ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்ததில் ஓமான் நாட்டு நிரலாளர் குழு ஒன்றுக்குப் பெரும்பங்கு உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது அரபு. அரபு எழுத்து சேர்ந்து வரவேண்டும் என்று அவர்கள் பாடுபட்டதில் தமிழுக்கும் சேர்த்துக் கதவு திறந்தது. 2017-இல் சோதனைப் பதிப்பாக வந்தது, 2024 புத்தாண்டு அன்று வெளியான 1.6-இல் எல்லோருக்கும் உரிய நிலையான பதிப்பாயிற்று. மஸ்கட்டுக்கு வேலைக்குப் போன ஆட்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அங்கிருந்து இப்படி ஒன்று எங்கள் கடைக்கு வரும் என்று நினைத்ததில்லை. ஷுக்ரன் (அரபியில் நன்றி)!

அதேபோல மலையாளத்துக்காரர்களுக்கும் ஒரு கும்பிடு. ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் என்ற கேரளக் குழு 'மீரா இனிமை' என்று தமிழுக்கு ஓர் எழுத்துரு செய்து இலவசமாகக் கொடுத்திருக்கிறது. அந்தக் குழுவைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்கல், வரி முடிவில் நீளமான தமிழ்ச் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்ற விதிகளையும் எழுதி வைத்திருக்கிறார். டெக் என்ற மென்பொருளில் அச்சுக்கோக்கிறவர்கள் இன்று பயன்படுத்துவது அதைத்தான். நோட்டோ, கட்டமரன், முக்தா மலர், பாலூ தம்பி என்று மற்ற எழுத்துருக்களைச் செய்தவர்களுக்கும் நன்றி. 'பாலூ தம்பி' எங்கள் ஊர்ப் பிறந்தநாள் பேனர்களில் இப்போது நிரந்தரவாசி.

பழைய கோப்புகள் பெரிய தலைவலி. பாமினி என்ற பழைய எழுத்துரு முறையில் அடித்த பத்திரிகையைப் புதிய கணினியில் திறந்தால், மணமக்கள் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பைதான் தெரியும். இதை மாற்ற உதவியது பைத்தான் என்ற நிரல்மொழியில் எழுதிய ஓபன் தமிழ் நிரல்தொகுப்பு. பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று பழைய குறியீடுகளின் அட்டவணைகளைப் பொறுமையாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இன்று யாரும் புதிதாகப் பயன்படுத்தாத, ஆனால் ஊரெங்கும் கிடங்குபோல் குவிந்து கிடக்கிற கோப்புகளுக்காக உட்கார்ந்து அட்டவணை போடுவது அலுப்பான வேலை. கைதட்டல் கிடைக்காத வேலையும்கூட. நான் தட்டுகிறேன், கேட்கிறதா?

பைத்தான் எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஒரு லினக்ஸ் பயனர் குழுவின் இணையவழிக் கூட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் சிக்கினார். அவர் பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தம்பி என்றே சொல்கிறேன். கடை மூடிய பிறகு என் திரையைப் பகிரச் சொல்லிவிட்டு, 'அண்ணே, நான் அடிக்கமாட்டேன், நீங்கதான் அடிக்கணும், அப்பதான் அடுத்த தடவை என்னைக் கூப்பிடமாட்டீங்க' என்பார். 'ஸ்ரீ' வந்து படுத்தியபோதும் அவரைத்தான் கூப்பிட்டேன். பத்திரிகையின் நெற்றியில் இருக்கவேண்டிய 'ஸ்ரீ', நாங்கள் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் 'ஸ்' தனியாகவும் 'ரீ' தனியாகவும் வந்து நின்றது. நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடத்துக்கு மேலே அப்படி ஒரு பிளவு! அவர்தான் விளக்கினார்: ஒருங்குறியில் 2005-இல் 'ஶ' என்ற எழுத்தைச் சேர்த்தார்கள், அதை வைத்து எழுதினால்தான் சரி என்றாலும், 'ஸ' வைத்து எழுதுவதும் பழக்கத்தில் இருக்கிறது, சில எழுத்துருக்கள் ஒன்றைத்தான் கூட்டெழுத்தாக்கும். ஓர் எழுத்தை மாற்றினோம், 'ஸ்ரீ' சேர்ந்துகொண்டது. தம்பி, உனக்குப் பரீட்சை நேரம் என்று பிறகுதான் தெரிந்தது. நல்லா இருப்பா.

காஞ்சியிலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழு நடத்துகிற நண்பர்களே, இப்படிப்பட்ட தம்பி தங்கைகள் உங்களைப் போன்றவர்கள் நடத்தும் கூட்டங்களிலிருந்துதான் வருகிறார்கள். கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று சோர்ந்துவிடவேண்டாம்.

எங்கள் ஆபரேட்டர் அக்காவுக்கு நான் சொல்லவேண்டிய நன்றி கடைக்குள்ளேயே சொல்லிவிடக்கூடியதுதான், ஆனாலும் ஊரறியச் சொல்கிறேன். முப்பது வருடத் தட்டச்சுக்கை அவருடையது. லினக்ஸில் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு மட்டுமல்லாமல் பழைய தட்டச்சு விசைப்பலகையும் இருக்கிறது என்று காட்டியதும், 'இதை முதல்லயே சொல்லியிருக்கக்கூடாதா?' என்றார். எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் அந்த அமைப்பை விட்டுவிடாமல் சேர்த்து வைத்தவர் யாரோ, உங்களுக்கு அக்கா சார்பில் ஒரு டம்ளர் பால்கொழுக்கட்டை பாக்கி இருக்கிறது.

கடைசியாக, அச்சகத்துக்காரர். பேஜ்மேக்கர் கோப்பைத் தவிர வேறெதையும் கையால் தொடமாட்டேன் என்றவர், ஸ்கிரைபஸில் சி.எம்.ஒய்.கே. என்ற அச்சு நிறமுறையோடு எடுத்த பி.டி.எஃப். கோப்பில் தட்டு போட்டுப் பார்த்துவிட்டு, 'ஃபான்ட் கேட்கலையே, ஒண்ணும் ஓடலையே' என்றார். அச்சகத்துக்காரர் வாயில் அதைவிடப் பெரிய பாராட்டு வராது. அதை அப்படியே ஸ்கிரைபஸ் குழுவுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

பதிலுக்கு நாங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எங்கள் அழைப்பிதழ், நோட்டீஸ், பில் புக் மாதிரிகளின் மூலக் கோப்புகளை, பெயர் ஊர் எல்லாம் நீக்கிவிட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுக்கிறோம். எந்தக் கடைக்காரரும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம். மாற விரும்புகிற டி.டி.பி. நண்பர்கள் ஞாயிறு காலை கடைக்கு வந்தால் கூடவே உட்கார்ந்து சொல்லித்தருவோம். பழைய கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவாருங்கள். மொய் நோட்டு மாதிரி மட்டும் இன்னும் முடியவில்லை, ஒவ்வொரு பக்கத்தின் கூட்டலும் அடுத்த பக்கத் தலைப்புக்குப் போகவேண்டும். லிப்ரெ ஆபீஸில் அதற்கு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உங்களுக்கான நன்றியை அடுத்த மடலில் எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
டி.டி.பி. கடைக்காரன், காரைக்குடி