கடைசி வேலிக்குப் பிறகு 494 கஜம்: பிரிட்டிஷ் குதிரைப் பந்தய ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

ஆணையத்தின் இயக்குநர் குழுவினருக்கு வணக்கம்.

தடை தாண்டும் பந்தயமே கூடாது என்று வாதிட இந்த மடலை எழுதவில்லை. நியூ சவுத் வேல்ஸ் 1997இலும் தெற்கு ஆஸ்திரேலியா 2022இலும் அதற்குச் சட்டப்படியே முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. பிரிட்டனில் அந்த விவாதம் தனியே நடக்கட்டும். நடத்துவது என்று முடிவு செய்தபின் எப்படி நடத்துகிறீர்கள் என்பதே எங்கள் கேள்வி.

சரியாகச் செய்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பிரிட்டனின் புகழ்பெற்ற தடை தாண்டும் பந்தயமான கிராண்ட் நேஷனலில், 2023இல் முதல் வேலியிலேயே ஹில் சிக்ஸ்டீன் என்ற குதிரை விழுந்து இறந்தது. மறு ஆண்டு அந்தப் பந்தயம் நடக்கும் எயின்ட்ரீ மைதானத்தில் குதிரைகளின் உச்ச எண்ணிக்கை 40இலிருந்து 34 ஆனது. முதல் வேலி தொடக்கக் கோட்டை நோக்கி 60 கஜம் நகர்ந்தது. 11ஆம் வேலி இரண்டு அங்குலம் குட்டையானது. குறைந்தபட்சத் தரமதிப்பு (குதிரையின் திறனுக்குத் தரப்படும் புள்ளி) 125இலிருந்து 130க்கு ஏறியது. இவற்றில் அதிகம் பேசப்பட்டது 34. அதிகம் பயன் தந்தது அந்த 60 கஜம் என்பது எங்கள் கணிப்பு. குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில். தாவும் இடத்தை நெருங்கும்போது வேலியின் அடிப்பகுதி பார்வையிலிருந்து நழுவிவிடும். சற்று முன்பு பார்த்ததை வைத்தே அது தாவுகிறது. முன்னால் போகும் குதிரையின் பின்புறம் மறைத்தால் அதுவும் போச்சு. நேராக நீண்ட தூரம் கிடைத்தால் எல்லா ஜாக்கிகளும் இடம்பிடிக்க விரட்டுவார்கள். முழு வேகத்தில் நெருக்கியடித்துக்கொண்டு அத்தனை குதிரைகளும் ஒரே வேலிக்கு வந்து சேரும். தூரத்தைக் குறைத்தால் வேகம் ஏறுவதற்குள் வேலி வந்துவிடுகிறது. 2024இல் 32 குதிரைகள் ஓடின, ஒன்றும் விழவில்லை.

எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வுக்குப் பிறகு வேலிகளின் ஆரஞ்சுப் பட்டைகளை வெள்ளையாக்கியதும் நல்ல வேலை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு ஆரஞ்சு புல்லோடு புல்லாகத்தான் தெரியும். ஜாக்கிக்குத் தெரியும் நிறத்தைக் குதிரைக்காகப் பூசி வைத்திருந்தது வேடிக்கைதான்.

வேலி ஆபத்தில் பாதி. மீதி களைப்பு. நான்கேகால் மைலுக்கு மேல் ஓடி, 30 முறை தாவி, கடைசி வேலியைக் கடந்தபின் இன்னும் 494 கஜம் பாக்கி இருக்கிறது. 2025இல் 13 வயது செலெப்ர டாலென் அந்த நீட்டத்தில்தான் சரிந்தது. மூன்று நாள் கழித்து இறந்தது. குதிரையிடம் எதுவும் மிச்சமில்லை என்று தெரிந்த பிறகும் ஓட்டினார் என ஸ்டூவர்டுகள் (பந்தய நடுவர்கள்) அன்றே ஜாக்கிக்கு 10 நாள் தடை விதித்தார்கள். ஆனால் இந்தப் பந்தயத்தில் பரிசு 10ஆம் இடம் வரை போகிறது. தள்ளாடும் குதிரையை ஒன்பதாவதாகக் கொண்டுவந்தால் பணம், நிறுத்தி நடத்திக்கொண்டு வந்தால் பூஜ்யம். இந்தக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஜாக்கியை மட்டும் தண்டிப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. 6 முதல் 10 வரையான இடங்களின் தொகையை ஒன்றாகச் சேர்த்து, அந்த இடங்களில் வந்தவற்றுக்கும் வழியில் நிறுத்தப்பட்டவற்றுக்கும் சமமாகப் பிரியுங்கள். நிறுத்துவதால் நட்டம் இல்லை என்றால் ஜாக்கியின் கை தானாகவே இறங்கும்.

கோட்டைத் தாண்டியபின் நடப்பதற்கும் எழுத்தில் விதி வேண்டும். ஜாக்கி உடனே இறங்கிச் சேணத்தைக் கழற்ற வேண்டும். குளிர்ந்த நீரைக் கழுத்து, விலா, பின்தொடை என்று உடல் முழுக்க நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். ஊற்றுவதும் வழிப்பதுமாக மாறிமாறிச் செய்தால் சூடு தணிய நேரமாகும். எயின்ட்ரீயில் இதற்கு ஆள் இருக்கிறார்கள். வாரநாளில் நடக்கும் சிறிய மைதானப் பந்தயத்துக்கும் அதே ஏற்பாடு வேண்டும்.

இறப்பு விகிதத்தை ஆண்டுச் சராசரியாகச் சொன்னால் யாருக்கும் பயனில்லை. எந்த வேலி, எழும்போதா இறங்கும்போதா, தரை எப்படி, சூரியன் கண்ணில் அடித்ததா, நிறுத்தியது எங்கே என்று பந்தயவாரியாக வெளியிடுங்கள். லாயம் திரும்பியபின் 30 நாள்வரை நேரும் இறப்பும் அதில் வரட்டும். இரண்டே நாளில் மூடும் எந்தப் பதிவேட்டிலும் செலெப்ர டாலென் இருக்காது.

இனி நேர்மை. தடைகள் இல்லாத சமதளப் பந்தயத்தில் குதிரையை இழுத்துப் பிடித்தால் ஜாக்கியின் கை கேமராவில் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே ஒரு வேலியின் அடிவரை நெருக்கிக் கொண்டுபோனால் போதும், தடுமாறிப் பத்துக் குதிரை நீளம் பின்தங்கிவிடும். தவறியதா, தவறவிட்டதா என்று ஸ்டூவர்டால் நிரூபிக்க முடியாது. தரமதிப்புக்கு ஏற்பக் குதிரைக்கு எடை ஏற்றும் ஹேண்டிகேப் பந்தயத்தில் ஒரு புள்ளி ஒரு பவுண்டு எடை. ஒவ்வாத தூரத்திலும் ஒவ்வாத தரையிலும் சில ஓட்டம் ஓடவிட்டுப் புள்ளியை இறக்கி, பிறகு பொருத்தமான பந்தயத்தில் பணத்தோடு இறக்குவது பழைய வித்தை. மூச்சுப்பாதை அறுவைசிகிச்சையை 2018 முதல் முன்கூட்டியே அறிவிக்க வைத்தீர்கள். தூரம் மாறுவதற்கான காரணத்தையும் அதே படிவத்தில், பந்தயத்துக்கு முன்பே வாங்குங்கள். பின்னால் கேட்டால் எல்லாருக்கும் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

குதிரை தோற்கும் என்று பணம் கட்ட பெட்ஃபேர் போன்ற பரிமாற்றத் தளங்கள் வழி திறந்த பிறகு, ஜெயிக்க வைக்கத் தெரியாதவனும் சம்பாதிக்கலாம். 2018 அக்டோபரில் அயர்லாந்தின் டிரமோரில் வைக்கிங் ஹோர்டு என்ற குதிரை மயக்கமூட்டும் ஏசிபி மருந்தோடு ஹர்டில் (குட்டையான தடைகள்) பந்தயத்தில் ஓடியது. அது தோற்கும் என்று பெட்ஃபேரில் பணம் குவிந்திருந்தது. மருந்து கொடுத்தவர் யார் என்று விசாரணைக் குழு முடிவுக்கு வரவில்லை. மைதான லாயத்தில் குதிரையைத் தனியே விட்டதற்காகப் பயிற்சியாளரின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தியது. அனிச்சை மந்தமான குதிரையைத் தடைகளை நோக்கி ஓட்டியவர் அந்த ஜாக்கி. சூதாட்டக் குற்றம் என்று மட்டும் இதைப் பதிவுசெய்தால் அவர் உயிருக்கு நேர்ந்த ஆபத்து காணாமல் போய்விடும். மைதான லாயத்தில் ஒவ்வொரு கொட்டிலுக்கும் கேமரா, உள்ளே போவோர் வருவோர் கையொப்பம், பரிமாற்றச் சந்தையில் ஒரு குதிரையின் விலை (ஜெயித்தால் கிடைக்கும் மடங்கு) காரணமின்றி ஏறினால் ஓடுவதற்கு முன்பே ரத்தப் பரிசோதனை: மூன்றும் செய்யக்கூடியவை.

சாட்டை விதியிலும் ஓர் ஓட்டை. அனுமதி 7 சாட்டையடி, தகுதிநீக்கம் 11இல். இடையில் 8, 9, 10 அடித்தவருக்குத் தடை கிடைக்கும், ஆனால் வெற்றி நிற்கும், பரிசும் பந்தயப் பணமும் கைமாறும். தகுதிநீக்கத்தை 9க்கு இறக்குங்கள்.

பரிசுப் பகிர்வையும் பந்தயவாரிப் பதிவையும் சோதிக்க ஏப்ரலில் நடக்கும் கிராண்ட் நேஷனல் வரை காத்திருக்க வேண்டாம். இதே வேலிகளில் குளிர்காலத்தில் நடக்கும் பெச்சர் சேஸில் தொடங்கலாம். பந்தயம் முடிந்த அன்று மாலையே முதல் பதிவு வெளிவரட்டும்.